தப்பிலிருந்து 7.1 வரை: ஒலிக்குத் திசை வந்த வரலாறு

"சேர், 7.1 ஹெட்செட் ஒன்று வாங்கலாமா? எதிரி எந்தப் பக்கத்தால் வருகிறான் என்று கேட்குமாமே!"

உயர்தர வகுப்புத் தம்பிமார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. டவுன் பக்கத்து வீடுகளில் மட்டுமல்ல, கொழும்பில் வேலை பார்க்கும் அண்ணன்மார் அனுப்பும் காசில் தோட்டத்து லயங்களுக்கும் கேமிங் கணினி வர ஆரம்பித்துவிட்டது. "வாங்கலாம்", "வேண்டாம்" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பெட்டியில் எழுதியிருக்கும் 7.1 என்ற இலக்கத்துக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு எங்கள் ஊவா மலைகளோடும் ஓர் இடத்தில் வந்து முட்டுகிறது. ஆகவே பதிவு நீளம். பொறுமையாக வாசியுங்கள் உறவுகளே.

முதலில் காதைப் பற்றி. சத்தம் காற்றில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் பயணம் செய்கிறது. உங்கள் வலப் பக்கத்தில் ஒருவர் கை தட்டினால், அது வலக் காதுக்கு முதலிலும் இடக் காதுக்குக் கொஞ்சம் பிந்தியும் போய்ச் சேரும். அந்தப் பிந்தல் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே மூளை திசையைக் கண்டுபிடித்துவிடுகிறது. தாழ்ந்த ஒலிகளில் இந்த நேர வித்தியாசம் உதவுகிறது. உயர்ந்த ஒலிகளில், தலையே மறைப்பாக நிற்பதால் தூரக் காதுக்குச் சத்தம் குறைந்து கேட்பது உதவுகிறது. இந்த இரட்டை விளக்கத்தை 1907ஆம் ஆண்டு சொன்னவர் இங்கிலாந்தின் ரேலி பிரபு. பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். முன்னாலா பின்னாலா, மேலேயா கீழேயா என்பதைச் சொல்வது காது மடலின் வளைவு நெளிவுகள். படைத்தவன் தந்த இரண்டு காதுகளே ஒரு முழுமையான சரவுண்ட் கருவிதான்.

இதை இயந்திரத்தால் செய்து பார்க்கும் ஆசை பழையது. 1881இல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளெமென் அடேர் என்ற பொறியியலாளர், ஒப்பேரா மேடையில் வரிசையாக வாங்கிகளை வைத்து, தொலைபேசிக் கம்பி வழியாகக் கண்காட்சி மண்டபத்துக்குப் பாட்டைக் கொண்டுவந்தார். இரண்டு காதுக்கும் இரண்டு குழாய்கள். பாடகர் மேடையில் இடமிருந்து வலம் நடப்பது, கேட்பவருக்குக் கண்ணால் பார்க்காமலே தெரிந்தது. பிறகு ஐம்பது வருடம் கழித்து, 1931 டிசம்பரில், லண்டன் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் அலன் புளூம்லைன் இன்று நாம் ஸ்டீரியோ என்று அழைக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். திரையில் நடிகர் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறொரு பக்கத்திலிருந்து வருவது அவருக்குப் பொறுக்கவில்லை என்பார்கள். 1942இல், 38 வயதில், போர்க்கால ராடார் பரிசோதனையில் இருந்தபோது விமான விபத்தில் அவர் இறந்துபோனார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

கேட்பவரைச் சுற்றிவரச் சத்தத்தை வைத்தது சினிமா. 1940 நவம்பரில் வோல்ட் டிஸ்னியின் 'ஃபன்டேசியா' நியூயோர்க்கில் திரைக்கு வந்தபோது, 'ஃபன்டசவுண்ட்' என்ற பெயரில் மண்டபத்தைச் சுற்றி ஒலிபெருக்கிகள் பூட்டப்பட்டன. செலவு தாங்கமுடியாமல் அந்த முறை விரைவிலேயே நின்றுபோனது.

அதே காலத்தில் எங்கள் மலைகளில் என்ன கேட்டது?

தோட்டத்தில் பொழுது விடியுமுன்னர் கேட்டது தப்பு. பெரட்டுக்கு ஆள் சேர்க்க அடிக்கும் தப்பு. அந்தச் சத்தத்துக்கு இடது வலது தேவைப்படவில்லை. எங்கிருந்து கேட்டாலும் பொருள் ஒன்றுதான்: எழும்பு, பெரட்டுக் களத்துக்கு வா, வராவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. பிறகு தொழிற்சாலைச் சங்கு வந்தது. வானொலியைப் பொறுத்தவரை இலங்கை ஆசியாவிலேயே முந்திக்கொண்ட நாடுகளில் ஒன்று. எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியில் 1925 டிசம்பரில் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கிவிட்டது. 1950இல் வந்த வர்த்தக சேவையைத் தமிழ்நாடு வரை காது கொடுத்துக் கேட்டார்கள். ஆனால் அது ஒற்றைக் குரல், ஒற்றை ஸ்பீக்கர். லயத்தில் ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால் போதும், அடுத்தடுத்த நாலு காம்பராவுக்கும் பாட்டுக் கேட்கும். இரண்டு ஸ்பீக்கர் வைத்த ரேடியோ கெசட் எங்கள் பக்கத்து வீடுகளுக்கு வந்தது பெரும்பாலும் எண்பதுகளில், மத்திய கிழக்குக்கு உழைக்கப் போன உம்மாமாரும் அக்காமாரும் நாநாமாரும் திரும்பி வந்தபோதுதான். எங்களில் பலருடைய காதுக்கு ஸ்டீரியோ அறிமுகமானது அவர்களுடைய வியர்வையில்.

உலகம் அதற்குள் அடுத்த படிக்குப் போயிருந்தது. எழுபதுகளில் நான்கு ஸ்பீக்கர் இசைத்தட்டு ஒன்றை விற்கப் பார்த்தார்கள். ஒரு கம்பனியின் முறை மற்றக் கம்பனியின் பெட்டியில் ஒழுங்காக வேலை செய்யவில்லை. சனங்கள் வாங்காமல் விட்டுவிட்டார்கள். வெற்றி பெற்றவர் ரே டொல்பி. இந்த மனிதருக்கும் எங்கள் பிராந்தியத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகளின் தொழில்நுட்ப ஆலோசகராக அவர் இந்தியாவில் இருந்தார். அங்கிருந்து திரும்பி 1965இல் லண்டனில் தன் ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். நாடாப் பதிவின் இரைச்சலைக் குறைப்பதுதான் அவருடைய முதல் வேலை. அந்த வழியில் வந்த 'டொல்பி ஸ்டீரியோ', படச்சுருளின் ஓரத்தில் இருந்த இரண்டு ஒலித் தடங்களுக்குள் நான்கு தடங்களை மடித்து வைத்தது. 1977இல் 'ஸ்டார் வோர்ஸ்' படம் அதை உலகத்துக்குக் காட்டியது. 1979இல் 'அப்போகலிப்ஸ் நவ்' படத்தில் ஹெலிகொப்டர் ஒன்று பார்வையாளரின் தலையைச் சுற்றிப் பறந்தது. முன்னால் மூன்று, பின்னால் இடமும் வலமும் இரண்டு, அடித்தொனிக்குத் தனியாக ஒன்று. இன்று 5.1 என்று நாம் சொல்லும் ஒழுங்கு அதுதான். 1992இல் அது டிஜிட்டலாகியது. தமிழுக்கு இந்தச் சுற்றொலி வந்தது 1995இல். பி.சி. ஸ்ரீராம் இயக்கிய கமல்ஹாசனின் 'குருதிப்புனல்' டொல்பி ஸ்டீரியோ சரவுண்ட் முறையில் வந்த படம்.

இனிக் கணினிக்கு வருவோம். ஆரம்பகாலக் கணினிக்குப் 'பீப்' என்று கத்த மட்டும்தான் தெரியும். அதற்கு வாய் கொடுத்தவர் ஓர் ஆசியர். சிங்கப்பூரில் 1981இல் கிரியேட்டிவ் என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கிய சிம் வோங் ஹூ. 1989இல் அவர் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டை கேம் விளையாடுவோரின் வீடுகளை நிறைத்தது.

ஆனால் ஸ்டீரியோவில் சத்தம் இடம் வலம் மட்டுமே போகும். முதுகுக்குப் பின்னால் வருகிற காலடியை அதனால் காட்ட முடியாது. அதற்கான விடை நாசாவின் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. காது மடலும் தலையும் ஒவ்வொரு திசை ஒலியையும் எப்படி மாற்றுகின்றன என்று அளந்து, அந்த மாற்றத்தைக் கணக்காக ஒலியின்மேல் போட்டால், இரண்டு காதுக் குழாய்களிலேயே எல்லாத் திசைகளையும் காட்டலாம். அந்தக் கணக்குக்கு ஆங்கிலச் சுருக்கப் பெயர் எச்.ஆர்.டி.எஃப். நாசாவுக்காக இதைச் செய்தவர்களின் வழிவந்த ஓரியல் என்ற கம்பனி, தொண்ணூறுகளின் பின்பகுதியில் 'ஏ3டி' என்ற பெயரில் இதைக் கேமுக்குள் கொண்டுவந்தது. கிரியேட்டிவ் அவர்கள்மேல் காப்புரிமை வழக்குப் போட்டது. ஓரியல் வழக்கில் வென்றது. ஆனால் வழக்குச் செலவு போன பிறகு கம்பனி நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டில் அதன் சொத்துகளைத் தோற்ற கிரியேட்டிவே வாங்கிக்கொண்டது! 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, கேம்கள் ஒலி அட்டையோடு நேரடியாகப் பேசும் பழைய வழியை மைக்ரோசொஃப்ட் மூடிவிட்டது. சரவுண்டுக்கென்று அட்டை வாங்கிய பலர் ஏமாந்துபோனார்கள். பத்து வருடம் கழித்து, 2017இல், விண்டோஸுக்குள்ளேயே ஹெட்செட்டுக்கான சுற்றொலி வசதி வந்து சேர்ந்தது.

தம்பிமாரின் கேள்விக்குப் பதில் இந்த வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது.

சந்தையில் "7.1" என்று விற்கும் ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவற்றில் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கிறது. 7.1 என்பது மென்பொருளின் கணக்கு. அதே கணக்கை உங்கள் கணினி சும்மாவே செய்யும். கவுண்டர் ஸ்ட்ரைக், வலோரண்ட் போன்ற கேம்களின் ஒலி அமைப்புப் பக்கத்திலேயே எச்.ஆர்.டி.எஃப். என்ற தெரிவு இருக்கிறது. ஆகவே நல்ல சாதாரண ஸ்டீரியோ ஹெட்செட் ஒன்று போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கேமில் அந்தத் தெரிவைப் போட்டால், விண்டோஸிலும் ஹெட்செட்டின் மென்பொருளிலும் உள்ளதை நிறுத்திவிடுங்கள். ஒரே ஒலிக்கு இரண்டு தரம் கணக்குப் போட்டால் திசை குழம்பும். தேநீரில் இரண்டு பேர் தனித்தனியாகச் சீனி போட்ட மாதிரி.

உண்மையான ஸ்பீக்கர்தான் வேண்டும் என்பவர்களுக்கு: 5.1இல் நடு ஸ்பீக்கர் திரைக்கு நேரே. முன் இரண்டும் நடுவிலிருந்து 30 பாகை விலகி இடமும் வலமும். பின் இரண்டும் ஏறத்தாழ 110 பாகையில், அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால். எல்லாம் காது உயரத்தில், முடிந்தளவு சம தூரத்தில். கணினியின் பின்புறத்தில் பெரும்பாலும் பச்சை முன் ஸ்பீக்கருக்கு, கறுப்புப் பின்னுக்கு, செம்மஞ்சள் நடுவுக்கும் சப்வூஃபருக்கும். பிறகு விண்டோஸின் ஒலி அமைப்பில் 5.1ஐத் தெரிவுசெய்து, ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சோதித்துப் பாருங்கள். இடம் வலம் மாறியிருந்தால் கேமில் எதிரி உங்களைச் சிரித்துக்கொண்டே சுடுவான். ஒப்டிகல் கம்பி பாவிப்பவர்கள் கவனிக்க: அதனால் சுருக்கப்படாத 5.1ஐக் கடத்த முடியாது. எச்.டி.எம்.ஐ.யால் முடியும்.

ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஆறு பெட்டிகளை வைக்க நாங்கள் சொல்லமாட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் விடியக் கொழுந்துக்குப் போகிற அம்மா படுத்திருக்கிறார். சப்வூஃபரின் சத்தம் சுவரைக் கேட்டுக்கொண்டு நிற்காது. ஹெட்செட்டிலும் அளவு வேண்டும். வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. போன காது திரும்பி வராது.

சப்வூஃபர் என்றவுடன் ஒரு விசயம். மற்ற எல்லா ஸ்பீக்கருக்கும் பாகைக் கணக்குச் சொன்னோம், இதற்குச் சொல்லவில்லை. அதை அறையில் ஏறத்தாழ எங்கும் வைக்கலாம். 40 ஹேர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை எட்டு மீற்றருக்கும் மேல் நீளமானது. எங்கள் தலையின் அகலம் ஒரு சாணுக்குக் கிட்ட. அவ்வளவு நீண்ட அலைக்கு முன்னால் தலை மறைப்பாக நிற்காது, இரண்டு காதுக்கும் வித்தியாசம் தெரியாது. சுவரோ மலையோ எதிரொலித்தால் இன்னும் மோசம். நெஞ்சு அதிரும், ஆனால் எங்கிருந்து என்று காது சொல்லாது. 5.1 என்பதில் உள்ள அந்தப் 'புள்ளி ஒன்று' திசையில்லாத ஒலி. 1974இல் 'ஏர்த்குவேக்' என்ற படத்துக்காக 'சென்சரவுண்ட்' என்ற பெயரில் இராட்சத ஒலிபெருக்கிகளைத் திரையரங்குகளில் வைத்து, பூமி அதிர்வதைச் சனங்களுக்கு உடம்பில் காட்டினார்கள். காசு கொடுத்துப் பயந்தார்கள்.

எங்கள் மலையில் பூமி அதிர்வதைக் கேட்க யாரும் நுழைவுச் சீட்டு வாங்குவதில்லை.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த. காலை ஏழு மணி கடந்த நேரம் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. மண்ணுக்குள் போன பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. ஆசிரியர்களாகிய எங்களுக்கு அந்த நாள் ஒரு செய்தி மட்டுமல்ல. வரவுப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடும் எவருக்கும் அது விளங்கும்.

மண்சரிவு வரும்போது சத்தம் கேட்கும் என்பது உண்மை. மரம் முறியும் சத்தம், கல்லோடு கல் மோதும் சத்தம், வரவரப் பெருக்கும் ஓர் உறுமல். ஆனால் அந்த உறுமல் நாம் மேலே சொன்ன புள்ளி ஒன்று. மழையும் இரைச்சலும் எதிரொலியும் உள்ள பள்ளத்தாக்கில் அதற்குத் திசை இல்லை. நீரோடு குழைந்த சேறு மணிக்கு 50 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் இறங்கக்கூடியது. அந்த வேகத்தில் 300 மீற்றர் தூரத்தைக் கடக்க அரை நிமிடம்கூட எடுக்காது. எந்தப் பக்கம் ஓடுவது என்று காது யோசித்து முடிக்கும் முன் எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே அந்த மலையில் ஆட்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது காது அல்ல, முன்கூட்டியே சொல்லப்பட்ட சொல். அந்தச் சொல் சொல்லப்பட்டும் இருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது, சனங்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று எச்சரித்திருந்தது. "சொல்லியும் போகவில்லையே" என்று டவுனில் இருந்து பேசுபவர்கள் உண்டு. எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். காணி தோட்டத்துக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையாக உழைத்தும் தன் பெயரில் ஒரு பேர்ச் நிலம் இல்லாதவரிடம் "எழும்பிப் போ" என்று மட்டும் சொல்வது எச்சரிக்கை ஆகாது.

விடியற்காலைத் தப்பை நினைத்துப் பாருங்கள். அந்தச் சத்தம் ஏன் வேலை செய்தது? எழும்பிப் போக ஒரு பெரட்டுக் களம் இருந்தது. போனால் பேர் விழும் என்று தெரிந்திருந்தது. எங்கிருந்து வருகிறது என்று காட்டுவது சரவுண்டின் வேலை. எங்கே போவது என்று காட்டுவது எச்சரிக்கையின் வேலை. ஒலிக்கு முதலாவதைக் கொடுக்க எவ்வளவு மூளையும் பணமும் செலவானது என்று மேலே பார்த்தோம். இரண்டாவதற்குத் தேவைப்பட்டது ஒரு துண்டுக் காணியும் ஒரு வீடும்.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மழைக்காலத்தில் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மூன்று நிறங்களில் அறிவிப்பு விடுகிறது. மஞ்சள் என்றால் கவனம். செம்மஞ்சள் என்றால் ஆயத்தம். சிவப்பு என்றால் வெளியேற்றம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தாலே விழிப்பு வேண்டும், 150ஐத் தாண்டினால் அங்கே நிற்கக் கூடாது. நேரான சுவருள்ள போத்தலையோ டின்னையோ வெளியில் வைத்து, நிற்கிற தண்ணீரை அடிமட்டத்தால் அளந்தால் இது எந்தப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். சுவரில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் அல்லது நிற்கும் ஊற்று, இவையும் மலை பேசும் மொழிதான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

தம்பிமாருக்குக் கடைசியாக இரண்டு விசயங்கள்.

ஒன்று: ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை அடைத்துப் பெய்யும் இரவுகளில், சரிவில் வீடுள்ளவர்கள் காதை மூடும் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு விளையாடாதீர்கள். கேமில் பின்னால் வரும் காலடி துல்லியமாகக் கேட்கும். வெளியில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவது கேட்காது.

இரண்டு: உங்களிடம் கணினியும் இணையமும் இருக்கிறது. அன்றைய மண்சரிவு அறிவிப்பை லயத்தில் முதலில் பார்க்கக்கூடியவர் நீங்கள்தான். பார்த்தால் வாய்க்குள் வைத்திருக்காதீர்கள். கோயிலிலும் பள்ளிவாசலிலும் விகாரையிலும் ஒலிபெருக்கி இருக்கிறது. பொறுப்பானவர்களிடம் சொல்லி அறிவிக்கச் செய்யுங்கள். அறிவிப்போடு எந்தப் பாடசாலைக்கு, எந்த மண்டபத்துக்குப் போவது என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒலிபெருக்கிக்கு 7.1 தேவையில்லை. ஒற்றை ஸ்பீக்கர் போதும்.

ஹெட்செட் வாங்கலாமா என்றால், வாங்குங்கள். ஸ்டீரியோ போதும். மிச்சக் காசில் வீட்டுக்கு ஒரு நல்ல டோர்ச் வாங்கி வையுங்கள்.

சரிவில் வீடுள்ள உங்கள் உறவுகளுக்கும் இதைப் பகிர்ந்துவிடுங்கள்.